ராஜினாமா கடிதம் கேட்காதீர்கள்

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டை அடுத்துள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் பெரிய கிராணியாக (தலைமை எழுத்தராக) இருக்கிறேன். என்னிடம் உதவிக் கிராணியாக ஆறு ஆண்டுகளாக வேலை செய்யும் பெண்ணுக்கு வயது 31. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஒரு கண் மங்கி, சில வாரங்களில் தெளிந்துவிட்டது. சென்ற ஆண்டு இரண்டு கால்களும் மரத்துப்போனதால் ஈப்போ மருத்துவமனையில் சேர்த்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தும் முதுகில் நீர் எடுத்தும் பார்த்துவிட்டு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் மட்டும் இதைச் சொன்னார். வேறு யாருக்கும் தெரியவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

காலையில் பிரட்டுக்கு (ஆள்கணக்கு எடுக்கும் கூட்டத்துக்கு) வரும்போது நன்றாகத்தான் இருக்கிறார். மதியத்துக்கு மேல் நடை தடுமாறுகிறது, செக்ரோலில் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேட்டில்) கணக்குத் தவறுகிறது. மற்றவர்கள் அதை நடிப்பு என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். மேனேஜருக்கு நோயின் பெயர் தெரியாது. ஆனால் உடல்நிலை சரியில்லை என்பதைக் கவனித்துவிட்டு, "அந்தப் பெண்ணின் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கட்டும், சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) பென்ஷன் கிடைக்கும்" என்கிறார். இதே தோட்டத்தில் முன்பு பால்மரம் (ரப்பர்) வெட்டிய அந்தப் பெண்ணின் அப்பாவும் என்னைத் தேடி வந்து அதையே சொன்னார். செக்ரோலை அந்தப் பெண்ணிடமிருந்து எடுத்துவிட்டு, கோப்பு அடுக்குவது, தொலைபேசி எடுப்பது போன்ற சின்ன வேலைகளைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். நான் செய்வது சரியா? வேலை செய்தால் இந்த நோய் முற்றிவிடுமா?

பதில்:

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேனேஜர் என்ன நினைக்கிறார், அப்பா என்ன நினைக்கிறார், நீங்கள் என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பெண் என்ன விரும்புகிறார் என்பது மட்டும் இல்லை. யாருக்கும் சொல்லவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான் அவருடைய குரலாகக் கடிதத்தில் வருகிறது. வேலையில் தொடர விரும்புகிறாரா, எந்த வேலை கடினமாக இருக்கிறது, எது முடிகிறது என்று இதுவரை யாரும் அவரை உட்காரவைத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. நான் சொல்லப்போகும் எல்லாமே அந்தப் பேச்சு நடந்த பிறகுதான் பயன்படும்.

அதற்கும் முன்னால் அவசரமான ஒன்று. அவர் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேனேஜர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் அந்த ஒரு கையெழுத்தில் எவ்வளவு போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சொக்சோவின் முடமை ஓய்வூதியம், நோயின் பெயரைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. நிரந்தரமான உடல் பாதிப்பால், முன்பு சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை வந்துவிட்டது என்று மருத்துவக் குழு உறுதிசெய்யவேண்டும். காலையில் நடந்துவந்து மதியம்வரை கணக்கு எழுதுகிற 31 வயதுப் பெண்ணை இன்று எந்தக் குழுவும் அப்படி அறிவிக்காது. ஆகவே இப்போது பென்ஷன் கிடைக்காது. பிற்காலத்தில் உண்மையாகவே தேவைப்பட்டால், முழுத் தகுதிக்கு அதற்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருந்திருக்கவேண்டும். அது இல்லாதவர்களுக்கு, சந்தா கட்டத் தொடங்கிய நாளிலிருந்து மொத்தக் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாதங்களுக்காவது கட்டியிருக்கவேண்டும் என்ற இன்னொரு கணக்கு உண்டு. இன்று வேலையை விட்டால் சந்தா நின்றுவிடும். ஆண்டுகள் போகப்போக இரண்டு தகுதியுமே கைநழுவும். பென்ஷன் கிடைக்கும் என்று நம்பி வேலையை விடுகிறவர், பென்ஷனுக்கான வழியைத் தானே அடைத்துக்கொள்கிறார்.

இன்னும் இருக்கிறது. தானாக விலகியவருக்கு வேலை காப்புறுதித் திட்டத்தின் உதவித்தொகை கிடையாது. நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தால் தரவேண்டிய இழப்பீடும் கிடையாது. தோட்ட நிறுவனம் மருத்துவக் காப்புறுதி எடுத்துக் கொடுத்திருந்தால் அதுவும் போய்விடும். நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சொந்தமாகக் காப்புறுதி எடுக்கப்போனால் இந்த நோயை விலக்கிவிட்டுத்தான் தருவார்கள், அல்லது தரவே மாட்டார்கள். கட்டாயப்படுத்தி எழுதிவாங்கிய ராஜினாமாவை எதிர்த்துத் தொழிலுறவுத் துறையில் முறையிட 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் "நானே விரும்பி விலகுகிறேன்" என்று தன் கையால் எழுதிக் கொடுத்தவருக்கு அதை மறுத்து நிரூபிப்பது பெரும்பாடு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேலை செய்தால் நோய் முற்றுமா? முற்றாது. சாதாரண வேலை இந்த நோயை வேகப்படுத்துகிறது என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. நோயின் போக்கைத் தீர்மானிப்பது உள்ளே நடக்கும் அழற்சி. அதைக் கட்டுப்படுத்துவது நரம்பியல் மருத்துவர் தரும் மருந்து. வேலை ஆளைக் களைப்பாக்கும், அது உண்மை. அந்தக் களைப்புக்கு வழி செய்யலாம். வீட்டில் முடங்கிக் கிடந்தால் தசை வலுவிழக்கும், மனம் சோரும். இந்த நோயுள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகமாகவே வருகிறது.

காலையில் நன்றாக இருந்தவர் மதியத்தில் தடுமாறுவது எப்படி என்று உங்கள் அலுவலகத்தில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நம் நாட்டில் அபூர்வமாக வருவது. பக்கவாதத்தையும் நீரிழிவையும் பார்த்துப் பழகிய ஊருக்கு, ஒரே நாளில் ஏறி இறங்கும் ஒரு நோய் நம்பும்படியாக இருக்காது.

மூளை, கண் நரம்பு, தண்டுவடம் ஆகியவற்றில் ஓடும் நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பு அணுக்களே இந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு இது தாக்குவதும் தணிவதுமாக வரும். உங்கள் உதவிக் கிராணிக்கு முதலில் கண், பிறகு கால் என்று வந்தது அந்த வகையைத்தான் காட்டுகிறது. தாக்குதல் தணிந்த பிறகும் உறை சிதைந்த இடம் முழுதாகச் சரியாவதில்லை. அந்த இடத்தில் நரம்புச் செய்தி மெதுவாக, தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடல் குளிர்ந்து, ஓய்வெடுத்திருக்கும்போது சமாளித்துக்கொள்ளும். உடலின் உள்வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே செய்தி நின்றுபோகலாம். கால் பின்னும், பார்வை மங்கும், கூட்டிய கணக்கு மறந்துபோகும்.

இதை 1890ஆம் ஆண்டிலேயே வில்ஹெல்ம் ஊத்தோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் எழுதிவைத்தார். உடற்பயிற்சி செய்தால் சில நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதும், ஓய்வெடுத்தால் திரும்புவதும் அவர் கண்டது. எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில் நோயாளியைச் சுடுநீர்த் தொட்டியில் உட்காரவைத்து, அறிகுறி கூடுகிறதா என்று பார்த்து நோயை ஊகித்திருக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே, குளிர்சாதனம் இல்லாத தோட்ட அலுவலகத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தப் பெண்ணும் கிட்டத்தட்ட அந்தத் தொட்டிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் நடிக்கவில்லை, ஐயா. இந்த வெப்பத்தால் நரம்புக்குப் புதிய சேதம் எதுவும் நேர்வதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உடல் குளிர்ந்தால் அறிகுறி தணியும். ஆகவே பயந்து வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை, குளிர்ச்சிக்கு வழி செய்தால் போதும்.

இந்தக் களைப்பும் நாம் வேலை முடிந்து உணரும் களைப்பைப் போன்றதல்ல. எம்.எஸ். உள்ளவர்களில் பெரும்பாலோர் தங்களை வேலையிலிருந்து தள்ளுவது கால்கூட அல்ல, இந்தக் களைப்புதான் என்பார்கள். நன்றாகத் தூங்கி எழுந்தாலும் வரும். வந்துவிட்டால் மன உறுதியால் தள்ளிவிட முடியாது. வருவதற்கு முன்பே ஓய்வெடுத்தால் ஓரளவு தடுக்கலாம். விழுந்த பிறகு ஒரு மணி நேரம் படுப்பதைவிட, விழுவதற்கு முன் கால் மணி நேரம் படுப்பது மேல். மதியச் சாப்பாட்டுக்குப் பின் காலை நீட்டிப் படுக்க ஓர் இடம் இருக்கிறதா? தோட்ட மருந்தகத்தில் ஒரு கட்டில் இருந்தால் அதுவே போதும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் யாரையும் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, இடையே 30 நிமிடமாவது ஓய்வு தரவேண்டும் என்பது எல்லாருக்குமான சட்டம். அவருக்கு அதற்கு மேல் ஒன்றிரண்டு சிறு இடைவேளைகள் வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

செக்ரோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அதுதான். ஆறு ஆண்டுகளாக அவர் கையில் இருந்த வேலை அது. தோட்டத்தில் செக்ரோல் போடுகிறவருக்கு என்ன மதிப்பு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பிடுங்கிக்கொண்டு கோப்பு அடுக்கச் சொன்னால், நீங்கள் இரக்கத்தோடு செய்ததை அவர் தண்டனையாகத்தான் உணர்வார். சுற்றி இருப்பவர்களும் அப்படியே புரிந்துகொள்வார்கள். தொலைபேசி எடுப்பது சுலபமான வேலை என்று நினைக்கிறீர்கள். எம்.எஸ். உள்ள ஒருவருக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கவனத்தைத் திருப்பவேண்டிய அந்த வேலை, அமைதியாக உட்கார்ந்து கணக்கு எழுதுவதைவிடக் கடினமாக இருக்கலாம். இந்த நோய் சிலருக்குச் சிந்தனையின் வேகத்தைக் குறைக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டைக் கவனிப்பதைச் சிரமமாக்குகிறது. அறிவையோ அனுபவத்தையோ எடுத்துக்கொண்டு போவதில்லை. அவருக்குச் செக்ரோல் போடத் தெரியும். எந்த நேரத்தில், எந்தச் சூழலில் போடுகிறார் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

பால்மரம் வெட்டியவர்கள் இருட்டிலேயே காட்டுக்குப் போனதற்குக் காரணம், வெயில் ஏறுவதற்கு முன்தான் பால் நன்றாக இறங்கும் என்பது. அந்தப் பெண்ணின் மூளை உழைப்பையும் அப்படியே முன்னே நகர்த்துங்கள். பிரட்டு முடிந்ததும், வெயில் ஏறுவதற்குள், வருகைப் பதிவும் குலை எண்ணிக்கையும் அவர் அன்றன்றே பதிந்துவிடட்டும். மாத முடிவில் மொத்தமாகக் குவிய விடாதீர்கள். மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் போட்டாகவேண்டும் என்பதால் அந்த ஒரு வாரம் உங்கள் அலுவலகம் எப்படிப் பறக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வாரத்துக்கு மட்டும் வேறொருவர் தொலைபேசியையும் வாசலில் வந்து நிற்பவர்களையும் பார்த்துக்கொள்ளட்டும். காலையில் இரண்டு மணி நேரம் அவரை யாரும் கூப்பிடக்கூடாது என்று ஒரு வழக்கம் வையுங்கள். கூட்டுத்தொகையை இன்னொருவர் சரிபார்க்கட்டும். எந்த அலுவலகத்திலும் சம்பளக் கணக்கை இரண்டு பேர் பார்ப்பது நல்லதுதானே? அதை எல்லாருடைய கணக்குக்கும் பொது விதியாக வைத்துவிட்டால், அவரை மட்டும் சந்தேகிப்பதாகத் தோன்றாது. கோப்பு அடுக்குவது, கடிதம் பிரிப்பது போன்றவற்றைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆறு மணிப் பிரட்டுக்கு அவர் வரத்தான் வேண்டுமா என்பதை அவரிடமே கேளுங்கள். சிலருக்கு அதிகாலைதான் நல்ல நேரம். வேறு சிலருக்கு நாலரைக்கு எழுவதே அன்றைய பலத்தில் பாதியைத் தின்றுவிடும். சீக்கிரம் வந்து இரண்டு மணிக்குப் போய்விடுவதா, தாமதமாக வருவதா என்பதை நீங்களாக ஊகிக்க முடியாது.

இப்படி வேலை நேரத்தை மாற்றிக் கேட்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில், 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். அந்தப் பெண் ஒரு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினால் போதும். நோயின் பெயரை அதில் எழுதவேண்டிய அவசியமில்லை. அவருக்கு எழுத உதவி தேவைப்பட்டால் நீங்கள் உதவுங்கள். தோட்ட அலுவலர்களுக்கென்றே உள்ள அமேசு சங்கத்தில் அவர் உறுப்பினராக இருந்தால் அவர்களிடமும் கேட்கலாம்.

இடத்தைப் பற்றி: அவருடைய மேசை மேற்கு வெயில் விழும் சன்னலோரம் இருந்தால் மாற்றுங்கள். அலுவலகத்தில் குளிர்சாதனம் உள்ள அறை ஒன்றாவது இருக்கும். பெரும்பாலும் அது மேனேஜருடையது, அல்லது கணினிச் சாதனங்கள் உள்ளது. அங்கே ஒரு மேசை போட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் மின்விசிறி, குளிர்ந்த தண்ணீர், கழுத்தில் போட ஈரத்துண்டு. எளிய பொருட்கள்தான், பலன் பெரிது. ஸ்டோருக்கும் நிறுவை மேடைக்கும் நடந்துபோய்க் கணக்கு எடுப்பதைக் காலையிலேயே முடிக்கட்டும், அல்லது அங்குள்ளவர் ஏட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். ஒரு கண் மங்கித் தெளிந்தவருக்கு, பார்வை திரும்பினாலும் நிறமும் வெளிர் எழுத்தும் சரியாகப் பிடிபடாமல் இருக்கலாம். கணினியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள், மை மங்கிய நகல்களைத் தராதீர்கள்.

யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிறுநீரை அடக்குவது சிரமமாகும். திடீரென்று முட்டும், உடனே போகவேண்டும். உங்கள் அலுவலகத்தில் பெண்கள் கழிவறை எங்கே இருக்கிறது? பல தோட்டங்களில் நான் பார்த்தவரை, அது கட்டடத்துக்குப் பின்னால், மழையில் நனைந்து போகும் தூரத்தில், பூட்டிச் சாவியை யாரிடமோ கேட்டு வாங்கும்படி இருக்கும். ஒரு பெண் இதைத் தன் மேலதிகாரியான ஆணிடம் சொல்லமாட்டார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும், தொற்று வந்தால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் எம்.எஸ். அறிகுறிகள் எல்லாம் ஒரேயடியாகத் தலைதூக்கும். நீங்கள் அவரிடம் எதையும் கேட்கவேண்டாம். அந்தக் கழிவறையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், போகும் வழியில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள், அவர் எழுந்து போவதை யாரும் கணக்கெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் சைக்கிளில் வருகிறவரா? கால் மரத்துப்போன ஒருவர் செம்பனைக் காட்டுச் சாலையில் லாரிகளோடு ஓட்டிவருவது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஓட்டலாமா என்பதை அவருடைய நரம்பியல் மருத்துவர் சொல்லட்டும். தோட்டத்து வேன் பட்டணத்துக்குப் போய்வந்தால் அவருக்கு அதில் ஓர் இடம் கிடைக்குமா என்று பாருங்கள். வேலை செய்ய முடிந்தும், வேலைக்கு வந்துசேர முடியாமல் விலகுகிறவர்கள் உண்டு.

மறுபடியும் தாக்குதல் வரலாம். புதிய அறிகுறியோ பழையதன் தீவிரமோ, காய்ச்சலும் தொற்றும் இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அவர் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். மூன்று முதல் ஐந்து நாள் ஸ்டீராய்டு மருந்து ஏற்றுவார்கள். தேறுவதற்கு வாரங்கள் ஆகலாம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்கவேண்டிய நாட்களுக்கு அதற்கு மேல் 60 நாள் தனியாக உண்டு. எம்.சி. அதிகமாக எடுக்கிறார் என்று யாராவது முகம் சுளித்தால், அது சட்டம் அவருக்குக் கொடுத்தது என்று நீங்கள் சொல்லுங்கள். திரும்பி வரும்போது முதல் வாரம் அரை நாள், பிறகு முக்கால் நாள் என்று ஏற்றிக்கொண்டு போகலாம்.

இதற்கெல்லாம் உங்களுக்குத் துணையாக ஒரு திட்டம் இருக்கிறது, கிட்டத்தட்ட யாருமே அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது என் ஆதங்கம். சொக்சோ 2007 முதல் மீண்டும் பணிக்குத் திரும்பும் திட்டத்தை நடத்திவருகிறது. வேலையிடத்தில் விபத்து நடந்தவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நோயால் பாதிக்கப்பட்ட சந்தாதாரர்களும் விண்ணப்பிக்கலாம். ஒரு பொறுப்பு அலுவலரை நியமிப்பார்கள். அவர் மருத்துவரிடமும் பேசுவார், வேலையிடத்துக்கும் வந்து பார்ப்பார், என்ன மாற்றங்கள் செய்யலாம் என்று முதலாளியோடு உட்கார்ந்து முடிவு செய்வார். நீங்கள் சொன்னால் கேட்காத மேனேஜர், சொக்சோ அலுவலர் வந்து சொன்னால் கேட்கக்கூடும். மேனேஜரிடம் இன்னொன்றும் சொல்லலாம்: உடற்குறையுள்ள ஊழியருக்காக வாங்கும் சாதனங்களுக்கும் கட்டட மாற்றங்களுக்கும் ஆகும் செலவை நிறுவனம் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்.

உடற்குறையாளர் அட்டை எடுப்பதா வேண்டாமா என்பது முழுக்க அந்தப் பெண்ணின் விருப்பம். சமூகநலத் துறையில் பதிவது கட்டாயமில்லை. இப்போதைக்கு அவருக்கு அது தேவைப்படாமலும் இருக்கலாம். 2008ஆம் ஆண்டின் உடற்குறையாளர் சட்டம் மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று சொல்கிறது. ஆனால் இயற்றப்பட்டபோது மீறுவோருக்கு அதில் தண்டனை எதுவும் வைக்கவில்லை. அதனால்தான் சட்டத்தைக் காட்டிப் பேசுவதைவிட உங்களைப் போன்ற ஒருவர் அலுவலகத்துக்குள் இருப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

மற்றவர்களிடம் நோயைப் பற்றிச் சொல்லிவிட்டால் புறம்பேச்சு நின்றுவிடுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். சொல்லாதீர்கள். ஒருவருடைய உடல்நிலை பற்றிய தகவல், 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பகிரக்கூடாதது. சட்டம் இருக்கட்டும், அவர் உங்களை நம்பிச் சொன்னார். நீங்கள் சொல்லக்கூடியது ஒன்றுதான்: "அவருடைய வேலை நேரத்தையும் இடத்தையும் நான் மாற்றியிருக்கிறேன், காரணம் எனக்குத் தெரியும், அது போதும்." நடிப்பு என்று உங்கள் எதிரிலேயே யாராவது சொன்னால் அங்கேயே, அப்போதே நிறுத்துங்கள். பெரிய கிராணி சிரித்துவிட்டுப் போனால் அலுவலகம் முழுதும் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளும். என்றாவது அவரே சொல்ல விரும்பினால், எவ்வளவு சொல்வது, யாரிடம் சொல்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும். தொற்றுநோய் அல்ல என்பதை மட்டும் அப்போது நீங்கள் அழுத்திச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் நான் கோபப்பட முடியாது. உடம்பு ஓடினால்தான் சம்பளம் என்று வாழ்ந்த தலைமுறை அது. நடக்க முடியாதவன் லயத்தில் (தோட்டத்துக் குடியிருப்பில்) உட்கார்ந்துவிடுவான், வேறு வழி இருந்ததில்லை. மகளும் அப்படி வெயிலில் விழுந்துவிடுவாளோ என்று பயப்படுகிறார். திருமணம் என்ற கவலையும் உள்ளே இருக்கும், வெளியே சொல்லியிருக்கமாட்டார். இந்த நோயுள்ள பெண்கள் திருமணம் செய்துகொள்ளலாம், குழந்தை பெறலாம். கர்ப்ப காலத்தில், முக்கியமாகக் கடைசி மூன்று மாதங்களில், தாக்குதல்கள் குறைவதே வழக்கம். பிரசவத்துக்குப் பிந்தைய சில மாதங்களில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். சில மருந்துகளை முன்கூட்டியே மாற்றவேண்டியிருக்கும், ஆகவே மருத்துவரோடு திட்டமிட்டுச் செய்யவேண்டும். இதை நீங்கள் அப்பாவிடம் சொல்லவேண்டாம், மகள் சொல்லட்டும். அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அப்பாவையும் உடன் அழைத்துப்போகலாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிப்பாருங்கள். வீட்டில் யாராவது எதிர்ப்புச் சக்தியை ஏற்றும் என்று சொல்லி விற்கும் பொடிகளை வாங்கித் தருகிறார்களா என்பதையும் அந்த மருத்துவரிடம் அவர் சொல்லவேண்டும். எதிர்ப்பு அணுக்களே தாக்கும் நோயில் அவற்றைத் தூண்டிவிடுவதாகச் சொல்லும் பொருள் எதற்கு?

எல்லா மாற்றங்களும் செய்து பார்த்த பிறகும், ஒரு நாள் செக்ரோல் உண்மையாகவே அவரால் முடியாமல் போகலாம். அப்படி நேர்ந்தால் அப்போது பேசுவோம். இன்று அந்த நிலை இல்லை. ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்றுள்ள மருந்துகள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இருந்தவற்றைவிட எவ்வளவோ மேல்.

எனவே வரும் வாரத்தில், பிற்பகலில் அல்ல, அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு பேசுங்கள். கதவடைத்த அறையில் தனியாகப் பேசுவது அவருக்குச் சங்கடம் என்றால், அவர் நம்பும் ஒரு பெண் ஊழியரை உடன் வைத்துக்கொள்ளட்டும். "இந்த வேலையில் எந்தப் பகுதி உங்களுக்கு இப்போது சிரமம்? எதை மாற்றினால் சுலபமாகும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்ட மாற்றங்களைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் மாறினாலும் அந்தத் தாள் பேசும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் உட்கார்ந்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பாருங்கள். இந்த நோய் ஒரே நிலையில் நிற்காது, ஏற்பாடும் நிற்கக்கூடாது.

நான் தொழில்நல மருத்துவர். நோய்க்கான மருந்தை நரம்பியல் மருத்துவர்தான் பார்க்கவேண்டும், வேலைக்கும் உடலுக்கும் இடையில் உள்ளதை என்னைப் போன்றவர்கள் பார்ப்போம். அவர் சம்மதித்தால் உங்கள் வட்டாரத்திலுள்ள தொழில்நல மருத்துவர் ஒருவரிடம் அனுப்புங்கள். போகும்போது, ஒரு வாரத்துக்கு எந்த மணியில் என்ன வேலை செய்தார், எப்போது களைப்பு வந்தது, அப்போது அறையில் எவ்வளவு புழுக்கம் இருந்தது என்று அவரே குறித்துவைத்த தாளைக் கொண்டுபோகட்டும். எம்.ஆர்.ஐ. படத்தைவிட அந்தத் தாள்தான் அந்த மருத்துவருக்கு அதிகம் பயன்படும்.